நாயைக் கூண்டுக்குப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூண்டு வாங்கி வந்த அன்றே நாயை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். மறுநாளே "எங்க நாய்க்குக் கூண்டு ஒத்து வரல" என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அந்த முதல் நாளில்தான் இருக்கிறது. புதிதாக நாய் வளர்க்க வருகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இதே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அக்கறையோடு செய்கிறவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே பார்க்கலாம்.

"வளர்ந்த பிறகும் ஆகட்டும்" என்று பெரிதாக வாங்குவது

பெரிய கூண்டு வாங்கலாம். அதன் முழு இடத்தையும் குட்டிக்குத் திறந்துவிடுவதுதான் தப்பு. தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் தயங்கும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தையே கற்றுத்தருகிறோம். இடம் தாராளமாக இருந்தால் குட்டி ஒரு மூலையை நனைத்துவிட்டு எதிர் மூலையில் நிம்மதியாகத் தூங்கும். கம்பிக் கூண்டுகள் பலவற்றோடு நடுவில் மாட்டும் தடுப்பு ஒன்றும் வரும். அதை மாட்டி, குட்டி வளர வளரப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். உள்ளே சிறுநீர்ப் பேட் விரிக்காதீர்கள். கழிப்பறை இதுதான் என்று நீங்களே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

வளர்ந்த நாய்க்கு அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்பி வாங்காமல் டேப்பால் அளந்து வாங்குங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு 10 செ.மீ. கூட்டுங்கள். உயரத்துக்கு, நாயை உட்கார வைத்துத் தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். காது நிமிர்ந்து நிற்கும் நாய் என்றால் காது நுனி வரை அளக்க வேண்டும். தலை குனியாமல் நிற்கவும், இடுப்பு இடிக்காமல் திரும்பவும், காலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கவும் இடம் இருந்தால் போதும்.

கதவை அவசரப்பட்டுச் சாத்துவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பதும் இதுதான்.

நடப்பது இப்படி. பிஸ்கட்டை உள்ளே போட்டதும் நாய் தானாகப் போய்த் தின்கிறது. "பழகிவிட்டது" என்று நினைத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார். தின்று முடித்துத் திரும்பும் நாயின் மூக்கு கம்பியில் இடிக்கிறது. இரண்டு நொடி அசையாமல் நிற்கிறது. பிறகு ஒரு காலால் கதவைச் சுரண்டுகிறது. அதற்குள் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த அரை மணி நேரம் அந்த நாய்க்கு என்ன ஆனது என்பது அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும்.

உள்ளே பிஸ்கட் விழுந்தால் பின்னாலேயே கதவு சாத்தப்படும் என்பதை அன்று நாய் கற்றுக்கொள்கிறது. மறுநாள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்னங்கால் இரண்டையும் வெளியே அழுத்தி ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் போல இழுத்து நீட்டி, பிஸ்கட்டை மட்டும் கவ்விக்கொண்டு சட்டென்று பின்வாங்கும். பின்னங்கால் உள்ளே வராத வரை கதவைப் பற்றிய பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு நாள் பயத்தைக் கரைக்க வாரக்கணக்கில் ஆகலாம். கூண்டோடு சேர்ந்து அந்தத் தீனியின் மேலும் நாய்க்குச் சந்தேகம் வந்துவிடுவதால், அதுவரை கையிலிருந்த நல்ல கருவி ஒன்றும் மழுங்கிப்போகும்.

முறையாகச் செய்தால் இப்படி நடக்க வேண்டும்.

முதலில் கதவே இருக்கக் கூடாது. கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் தானாக ஆடிச் சாத்திக்கொள்ளாதபடி கயிற்றால் பின்னுக்குக் கட்டுங்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தீனித் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே எறியுங்கள். நாய் போகட்டும், தின்னட்டும், தானாகவே வெளியே வரட்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நாய் இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். பின்னாலிருந்து தள்ளுவதும் தூக்கி உள்ளே வைப்பதும் கூடவே கூடாது.

சாப்பாட்டுத் தட்டையும் இதே கணக்கில் நகர்த்துங்கள். தயங்கும் நாய்க்கு முதலில் கூண்டு வாசலுக்கு வெளியிலேயே வையுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். கடைசியில் தட்டு பின்சுவரை ஒட்டி இருக்க, நாலு காலும் உள்ளே இருக்க, வால் கால்களுக்கிடையே ஒடுங்காமல் நாய் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு.

அந்தக் கதவையும் முதலில் தாழ் போடாமல் வெறுமனே சாத்துங்கள். நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாத்தி, தட்டு காலியாவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். தின்று முடித்து நிமிரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு நொடியில் தொடங்கி, சிரமமில்லை என்று தெரிந்தபின் ஐந்து, பத்து நொடிகளுக்குப் போகலாம். நாய் உள்ளே படுத்துவிட்டால் கம்பி வழியே ஒரு துண்டு கொடுங்கள். நேரத்தை ஏறுமுகமாகவே வைக்காமல் 10 நொடி, 20, பிறகு 5, பிறகு 30, பிறகு 12 என்று கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட நீளமாகவே இருந்தால் நாய் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது தாழ், அதன்பின் தூரம். கூண்டுப் பக்கத்தில் உட்காருங்கள், எழுந்து நில்லுங்கள், இரண்டடி விலகுங்கள், அறையைவிட்டுப் போய் உடனே திரும்புங்கள். தூரத்தைக் கூட்டும் நாளில் நேரத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் ஏற்றினால், நாய் தடுமாறும்போது எதனால் தடுமாறியது என்றே தெரியாது. நீங்கள் வீட்டுக்குள்ளேயே கண்ணில் படாமல் நடமாடும்போது நாய் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்தால்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகலாம். சில நாய்கள் ஒரே வாரத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடும், சிலவற்றுக்கு இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை வெளியே போகும்போது நாயோடு இருக்க ஆள் பாருங்கள், அல்லது ஆபத்தில்லாத ஓர் அறையில் விடுங்கள்.

"அழுதா அழட்டும், தானா நிறுத்தும்"

நாய்க்குக் கெடுதல் செய்யும் இந்த அறிவுரை நல்லெண்ணத்தோடுதான் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எல்லா அழுகையும் ஒன்றல்ல.

முணுமுணுப்பு ஒரு வகை. இரண்டு குரைப்பு, ஓர் இடைவெளி, யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு. சில நிமிடங்களில் நாய் சுருண்டு படுத்துவிடும். இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

பீதி வேறு. சத்தத்தில் இடைவெளியே இருக்காது, ஏறிக்கொண்டே போகும். வாய் திறந்து இளைக்கும், மார்பு எச்சிலில் நனையும், உடம்பு நடுங்கும், தரைத்தட்டைத் தோண்டும், கம்பியைக் கடிக்கும், முன்னால் கிடக்கும் தீனியைத் தொடவும் செய்யாது. இந்த நாயை உடனே வெளியே விட வேண்டும். "அழும்போது திறந்தால் அழுகையே பழகிவிடும்" என்ற பயம் இங்கே பொருந்தாது. பீதியில் இருக்கும் நாய் காரியம் சாதிக்கக் கத்துவதில்லை. விட்டுவைத்தால் கோரைப்பல் உடையும், நகம் பிய்ந்து ரத்தம் வரும், மூக்குத் தோல் உரியும். ஒரு மணி நேரம் கத்திய பிறகு வரும் அமைதி வெறும் களைப்பாக இருக்கலாம். அடுத்த முறை அந்த நாய் இன்னும் சீக்கிரம் கத்தத் தொடங்கினால் அது பழகவில்லை என்று அர்த்தம். திறந்தபின் இரண்டு மூன்று படி கீழே இறங்கி, எளிதான இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நடு இரவில் குட்டி அழுதால் முதலில் சிறுநீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கயிறு மாட்டி வெளியே கூட்டிப்போய், பேச்சும் விளையாட்டும் இல்லாமல் ஐந்து நிமிடம் நின்று, திரும்பக் கொண்டுவந்து விடுங்கள்.

கழுத்துப்பட்டையோடு உள்ளே விடுவது

கழற்றிவிடுங்கள். பட்டையோ அதில் தொங்கும் வில்லையோ கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையான ஹார்னஸுக்கும் இதேதான்.

வெளியே கிளம்பும்போது மட்டும் கூண்டு

கூண்டு என்றால் தனியாக விட்டுப் போகப்போகிறார்கள் என்று இரண்டே நாளில் நாய் கணக்குப் போட்டுவிடும். நீங்கள் வீட்டில் வேலை பார்க்கும்போதும், சாப்பிடும்போதும் கொஞ்ச நேரம் அது உள்ளே இருக்கட்டும்.

ஒதுக்குப்புறத்தில் வைத்து, நாலு பக்கமும் மூடுவது

நாய் கூட்டத்தோடு வாழ்ந்து பழகியது. யாரும் போகாத அறையில் கூண்டை வைத்தால் தனிமையும் அடைப்பும் சேர்ந்தே வரும். பகலில் ஆட்கள் இருக்கும் கூடத்தின் ஓரம் நல்லது, நடைபாதையின் குறுக்கே கூடாது. புதுக் குட்டிக்கு முதல் சில வாரம் இரவில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

மேலே துணி போட்டால் சில நாய்கள் அமைதியாகும் என்பது உண்மை. ஆனால் நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதற்குக் காற்று ஓட்டம் வேண்டும். கனமான போர்வையால் நாலு பக்கமும் மூடினால் நாய் விடும் சூடான ஈர மூச்சு உள்ளேயே தேங்கும். முன்பக்கத்தையும் குறைந்தது இன்னொரு பக்கத்தையும் திறந்து வைத்து, மெல்லிய துணி போடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். அறையைவிடச் சூடாகத் தெரிந்தால் துணியை எடுத்துவிடுங்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தகரச் சத்தம்

கூண்டுக்குள் நாய் காலை வைத்ததும் அடித்தட்டு கம்பியில் இடித்து "டங்" என்று அதிரும். சத்தத்துக்குப் பயந்த நாயைக் கூண்டுக்குப் பயந்த நாய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்போ பழைய துண்டோ போட்டால் போதும். தாழ்ப்பாள் சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள்: நாய் வெளியே இருக்கும்போது தாழை அசைத்துவிட்டு உடனே ஒரு தீனி, ஒரு தடவைக்குப் பத்து முறை.

முதல் நாளே பஞ்சு மெத்தை

குட்டிகளும் கடிக்கும் பழக்கமுள்ள நாய்களும் பஞ்சைப் பிய்த்து விழுங்கும். அது குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். முதலில் தட்டையான துண்டு ஒன்றை விரியுங்கள். அதைக் கிழிக்காமல் சில வாரம் போனால் மெத்தைக்கு மாறலாம். கயிற்றுப் பொம்மை, வேகவைத்த எலும்பு இரண்டும் உள்ளே வேண்டாம். வெந்த எலும்பு கூராகப் பிளக்கும். உள்ளே குழிவுள்ள கெட்டி ரப்பர் பொம்மையில் ஊறவைத்த நாய்த் தீனியை அடைத்து, சில மணி நேரம் உறைய வைத்துக் கொடுங்கள். நக்க நக்க நாய் அமைதியாகும். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் பொம்மை இருக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதென்றால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருந்தால் தொடவே தொடாதீர்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும்.

குழந்தைகள் கூண்டுக்குள் தவழ்வது

கூடாது. உள்ளே இருக்கும் நாயை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, பெரியவர்களும் சேர்த்துத்தான்.

மணிக்கணக்கைத் தப்பாகப் போடுவது

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து அதோடு ஒன்று கூட்டினால் பகலில் அடக்கிக்கொள்ளக்கூடிய உச்ச மணி நேரம் வரும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு 3 மணி. அது உச்சவரம்பு மட்டுமே, பழக்கும்போது ஒன்று ஒன்றரை மணியைத் தாண்டாதீர்கள். வளர்ந்த நாய்க்கும் பகலில் ஒரே மூச்சில் 4 முதல் 5 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரவு 8 மணி நேரம் தூங்க உள்ளே, பகலில் நீங்கள் வேலைக்குப் போகும் 8 மணி நேரமும் உள்ளே என்றால் அந்த நாய் நாளில் 16 மணி நேரம் அடைபட்டிருக்கிறது. நடுவில் வந்து வெளியே விட ஆள் இல்லாதவர் கூண்டை நம்பித் திட்டமிடக் கூடாது.

உள்ளே விடுவதற்கு முன் ஒரு நடை, சிறுநீர், தண்ணீர், பிறகு பத்து நிமிடம் ஆசுவாசம். பந்து துரத்திக்கொண்டிருந்த நாயை அப்படியே உள்ளே விட்டால் அதனால் அடங்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கம்பியில் மாட்டும் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும்.

எல்லா நாய்க்கும் கூண்டு என்று நினைப்பது

கூண்டு இல்லாமலே நன்றாக வளரும் நாய்கள் ஏராளம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் வழக்கமாக நாயைக் கூண்டில் பூட்டிவைப்பதைச் சட்டமே கட்டுப்படுத்தியிருக்கிறது. பயணத்துக்கும், மருத்துவமனையில் தங்கவும், அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வுக்கும் கூண்டு பழகியிருந்தால் நாய்க்கு நல்லது. அன்றாடத்துக்குத் தடுப்பு வேலி போட்ட ஒரு மூலையோ, வாசலில் சிறு கேட் போட்ட அறையோ போதும்.

தனியாக விட்டாலே பீதியடையும் நாய்க்குக் கூண்டு நிலைமையை மோசமாக்கும். அறையில் திறந்து விட்டாலும் அதே இளைப்பும் எச்சிலும் இருந்தால், பிரச்சினை தனிமையில் இருக்கிறது. நீங்கள் வெளியே போனதும் முதல் பத்து நிமிடத்தை ஃபோனில் பதிவு செய்யுங்கள், நாய் தவித்தால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். அந்த வீடியோவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில நாய்களுக்குப் பயிற்சியோடு மருந்தும் தேவைப்படும். அந்தச் சிகிச்சை பலன் தரும் வரை கூண்டை மடித்து வைத்துவிடுங்கள்.