அஞ்சு ஏக்கருக்குள் எந்த மினி டிராக்டர்?

ஆடியில் ரெண்டு மழை விழுந்து மண் பதமாகிவிட்டால் வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இருக்காது. ஆரஞ்சு வண்டி நல்லதா, சிவப்பா, பச்சையா என்று டீ ஆறிப் போகும்வரை சண்டை நடக்கும். நாலரை ஏக்கர் வைத்திருக்கும் நானும் அப்படி நிறத்தைப் பார்த்துத்தான் முதல் மினி டிராக்டரை வாங்கினேன், வாங்கி ஒரு ஆடி முழுக்க அவதிப்பட்டேன், அதனால் இப்போது யாராவது வந்து எந்தக் கம்பெனி எடுக்கலாம் என்று கேட்டால், கம்பெனியை அப்புறம் பார்ப்போம், முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உன் கொல்லைக்கு (எங்கள் பக்கம் நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) போ என்றுதான் சொல்கிறேன்.

எதை அளப்பது? வரிசைக்கு வரிசை இடைவெளி, அப்புறம் கடைசி வரிசைக்கும் வரப்புக்கும் நடுவில் வண்டி திரும்ப இருக்கும் இடம். தென்னை 25 அடிக்கு ஒன்று என்றால் நடுவில் எந்த வண்டியும் தாராளமாகப் போகும், அதில் பேச்சே இல்லை. வாழை ஆறடிக்கு ஆறடி, கரும்பு அகலப் பாரில் அஞ்சடி என்றால் மூன்றடியிலிருந்து நாலடிக்குள் அகலம் உள்ள மினி வண்டி பயிர் சின்னதாக இருக்கும்வரை உள்ளே போய் வரும். பழைய மூன்றடிப் பார் கரும்பில் எதுவும் போகாது. இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்த பிறகு எங்கள் பக்கம் கத்தரி போடுகிறவர்களும் மினி டிராக்டர் விசாரிக்கிறார்கள், ஆனால் ரெண்டு ரெண்டரை அடி வரிசையில் களை எடுக்க அது உதவாது, நடந்தபடி ஓட்டும் களை இயந்திரமான பவர் வீடர்தான் சரி, விலையும் அதைவிட ரொம்பக் குறைவு.

திரும்பும் இடத்தை யாரும் அளப்பதில்லை. என் தென்னந்தோப்பில் கடைசி மரத்துக்கும் வரப்புக்கும் நடுவில் 6 அடி 2 அங்குலம். வண்டியும் பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரும் (கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி) சேர்ந்தால் பதினோரு அடி நீளம். ஒவ்வொரு சாலுக்கும் முன்னே ரெண்டு முறை, பின்னே ரெண்டு முறை என்று ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தது, ஒரு மணி நேர வேலை ஒன்றே முக்கால் மணி ஆனது. பக்கத்திலேயே சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு வேறு. நம் ஜில்லாவில் இந்த மாதிரி வாய் திறந்த பெரிய கிணறுகளுக்குப் பஞ்சமில்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தப் பக்கம் எத்தனை அடி மிச்சம் என்பதையும் அதே டேப்பால் அளந்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. இதைப் போட்டால் பாதிப் பேருக்கு வண்டியே வேண்டாம் என்று தெரிந்துவிடும். நாலு ஏக்கர், வருஷத்துக்கு ரெண்டு போகம், போகத்துக்கு ஏக்கருக்கு மூன்று மணி நேரம் வண்டி வேலை என்று தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 24 மணி நேரம். வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளலாம்), 28,800 ரூபாய் ஆகிறது. அஞ்சு லட்சம் கடன் வாங்கினால் 10 சதவீதத்தில் முதல் வருஷ வட்டியே கிட்டத்தட்ட 50,000. டீசல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. ஆக, மூன்று ஏக்கருக்குள் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) மட்டும் போடுகிறவர் சொந்த வண்டி வாங்குவது வீண் செலவு. வேளாண்மைப் பொறியியல் துறையே வண்டி வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம், கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தோப்பு இருந்து வருஷத்துக்கு மூன்று நாலு முறை இடையுழவு வேண்டும், இல்லை பங்காளிகள் ரெண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறீர்கள், இல்லை அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கு வாடகைக்கு ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறது, இப்படி ஒன்று இருந்தால் மேலே படியுங்கள்.

இப்போது கம்பெனிகளுக்கு வருவோம். சந்தையில் மினி வண்டிகளை ரெண்டு கும்பலாகப் பிரிக்கலாம். முதல் கும்பல் 15 எச்.பி. (குதிரைத்திறன்) பக்கம், ஒரே சிலிண்டர்: மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 மாதிரி. விலை மூன்றரை லட்சத்துக்கு அக்கம்பக்கம். இஞ்சின் எளிமையானது, நாட்டு மெக்கானிக் யாரும் கை வைக்கலாம், டீசலும் குறைவு. ஆனால் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டினால் உடம்பு முழுக்க அதிரும், மலையடிவாரத்துச் சரளை கலந்த செம்மண்ணில் மழை இல்லாத நேரத்தில் உழ விட்டால் திணறும். மருந்தடிக்க, சின்ன டிரெய்லர் இழுக்க, பதமான மண்ணில் கலப்பை போட என்றால் இது போதும்.

ரெண்டாவது கும்பல் 20-லிருந்து 28 எச்.பி. வரை, பெரும்பாலும் ஃபோர் வீல் டிரைவ், விலை அஞ்சு லட்சத்துக்கு அக்கம்பக்கத்தில் தொடங்கி ஏழு ஏழரை லட்சம் வரை போகும். மஹிந்திரா ஜிவோ 225-ல் 20 எச்.பி., 245-ல் 24 எச்.பி., ரெண்டுக்கும் ரெண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் ஏ211என் 21 எச்.பி., பி2441 24 எச்.பி., ரெண்டிலும் மூன்று சிலிண்டர், சத்தமும் அதிர்வும் குறைவு. வி.எஸ்.டி. 224 என்பது 22 எச்.பி. வண்டி, மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் பவர் டில்லர் செய்து பெயர் வாங்கிய பெங்களூர்க் கம்பெனி அது, டிராக்டர் நம் ஓசூரில் தயாராகிறது. மஹிந்திரா 2023 ஆகஸ்ட் 15-ல் அறிமுகப்படுத்திய ஓஜா வரிசையில் 21 எச்.பி.யிலிருந்து வண்டிகள் இருக்கின்றன, மூன்று சிலிண்டர். மாஸே ஃபெர்குசன் 6028, ஜான் டியர் 3028இஎன் ரெண்டும் 28 எச்.பி., இவை கொஞ்சம் கனமான வண்டிகள், விலையும் அப்படியே.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஸ்வராஜும் மஹிந்திராவும் 2007-லிருந்து ஒரே வீடு. மாஸே வண்டி செய்யும் சென்னை டஃபே கம்பெனி 2005-ல் ஐஷரையும் வாங்கிவிட்டது. குபோட்டா 2022-ல் எஸ்கார்ட்ஸை எடுத்துக்கொண்டது, அதனால் ஃபார்ம்டிராக், பவர்டிராக் எல்லாம் அந்தக் குடும்பம்தான். டீக்கடையில் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் பாதி நேரம் அண்ணன் தம்பிக்குள் பஞ்சாயத்து செய்துகொண்டிருக்கிறார்கள்.

எச்.பி. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ.வுக்கு, அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு, வரும் சக்திதான், இஞ்சின் எச்.பி.யை விட அது எப்போதும் குறைவு, அந்த எண்ணைத் தனியாகக் கேளுங்கள். பின்னால் மாட்டிய கருவியை ஹைட்ராலிக் தூக்கும் எடையும் அப்படித்தான்: ஜிவோவும் குபோட்டா பி2441-ம் 750 கிலோ, ஓஜா 2121 950 கிலோ. மூன்றரை அடி ரொட்டவேட்டருக்கு 750 கிலோவே போதும், அதிகம் தூக்கும் என்பதற்காக மட்டும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரொட்டவேட்டர் வாங்கும்போது அதன் வெட்டு அகலம் பின் டயர்களின் வெளி அகலத்தை மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால் டயர் மிதித்த தடம் அப்படியே கெட்டியாக நிற்கும், அந்த ரெண்டு கோட்டில் விதை முளைக்காது.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா? கழனியில் சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்ட வேண்டும் என்றால் யோசிக்காமல் எடுங்கள், மினி வண்டிக்கு எடை இல்லை, டூ வீல் டிரைவ் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும், கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டினாலும் முன்சக்கரம் தூக்கும். வெறும் தோப்பும் மானாவாரிக் கொல்லையும் என்றால் டூ வீல் டிரைவ் போதும், மிச்சப்படும் காசில் ரொட்டவேட்டர் வந்துவிடும். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகலாம் என்று மினி வண்டியை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இழுத்துவிடும், பாரத்தோடு சரிவில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

இனி, நான் அடிபட்டுத் தெரிந்துகொண்ட இடம். முதல் வண்டி வாங்கிய ரெண்டாவது ஆடியில், மல்லாட்டை விதைக்க மண் சரியான ஈரத்தில் இருந்த நாள், பி.டி.ஓ. பக்கம் ஆயில் சீல் போய் ரொட்டவேட்டர் மேலெல்லாம் எண்ணெய் வடிந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டால் அந்த மாடலுக்கு சீல் ஸ்டாக் இல்லை, டிப்போவிலிருந்து வரவேண்டும் என்றார்கள். நாளை நாளை என்று பதினோரு நாள். அதற்குள் ஈரம் போய்விட்டது, பக்கத்துக் கொல்லைக்காரர் வண்டியை மணிக்கணக்கு பேசி வாடகைக்குப் பிடித்து அரை ஈரத்தில் விதைத்தேன். அந்த ரப்பர் வளையத்தின் விலை ஆம்பூரில் ரெண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசுகூட இல்லை.

அதனால் வண்டி வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ரெண்டு மூன்று மாடல்களின் பெயரை எழுதிக்கொண்டு, வேலூரிலோ குடியாத்தத்திலோ ஆரணியிலோ, உங்களுக்கு எது பக்கமோ அங்கே இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், வாங்குகிற ஆள் மாதிரியே கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் ஃபில்டர், பி.டி.ஓ. ஆயில் சீல் மூன்றும் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தால் ஒரு மதிப்பெண், ‘சொல்லி வைக்கிறேன் அண்ணே, நாலு நாளில் வரும்’ என்றால் பூஜ்யம். அப்புறம் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய், இதில் எந்த வண்டியின் கியர் பாக்ஸை நீ கடைசியாகப் பிரித்தாய் என்று கேளுங்கள். எல்லா வண்டியும் பார்ப்பேன் என்று பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள், இன்ன ஊரில் இன்னாருடைய வண்டி என்று சொன்னால் அந்த ஆளையும் போய்ப் பாருங்கள். பத்து கிலோமீட்டருக்குள் அதே மாடல் மூன்று வண்டி ஓடுகிறது என்றால், என்னைப் பொறுத்தவரை அதுதான் நல்ல பிராண்ட். மற்ற வித்தியாசமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டெமோவை ஷோரூம் வாசலில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். உங்கள் கொல்லைக்கே கொண்டு வரச் சொல்லுங்கள், விற்க வேண்டும் என்றால் வருவார்கள். இருப்பதிலேயே கெட்டியான மூலையைக் காட்டி ரொட்டவேட்டரை இறக்கச் சொல்லுங்கள். இஞ்சின் சத்தம் ஒரு நொடி அமுங்கி மறுபடி எழுந்தால் சரி, அமுங்கியே போய் ஓட்டுகிறவர் கியரைக் குறைத்தால் அந்த மண்ணுக்கு அந்த வண்டி ஆகாது. ஓட்டி முடித்ததும் ஒரு குச்சியை மண்ணில் குத்தி எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள், மேலே மாவு மாதிரி இருக்கும், மூன்று அங்குலத்துக்குக் கீழே கல் மாதிரி இருக்கும், பல டெமோக்கள் அப்படித்தான். பிறகு ரொட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் வரப்பு மேல் ஏற்றச் சொல்லி முன்சக்கரம் தரையை விடுகிறதா என்று கவனியுங்கள். விட்டால் முன்னால் எடைக்கல் மாட்ட வேண்டும், அதன் விலையையும் பேரத்தில் சேருங்கள்.

ஓட்டப் போகிறவர் யாரோ அவரை உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் நான் ஊரில் இல்லாத நாளில் நைனாதான் (அப்பா) ஓட்டுவார், 68 வயது, ஒரு வண்டியில் கிளட்ச்சை மிதிக்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நோட்டீஸில் எல்லாமே பிரமாதமாக இருந்த வண்டி, அங்கேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

விலை பேசும்போது ஜி.எஸ்.டி. ஞாபகம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் அஞ்சு லட்சம் என்றால் முன்பு 60,000 வரி, இப்போது 25,000. யாராவது பழைய கொட்டேஷனை நீட்டினால் 35,000 ரூபாய் எங்கே என்று கேளுங்கள். மானியம் வேண்டும் என்றால் முதலில் விண்ணப்பம், அனுமதி, அப்புறம்தான் வண்டி, வாங்கிவிட்டு பில்லைக் காட்டிக் கேட்க முடியாது. சிறு, குறு விவசாயி என்பதற்கு அஞ்சு ஏக்கர்தான் வரம்பு, தாசில்தார் சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் மானியப் பங்கு கூடுதல் என்பதால் பட்டா வீட்டம்மா பெயரில் இருந்தால் அதையும் யோசியுங்கள். கடன் என்றால் மாதத் தவணை வேண்டாம், அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணையாகக் கேளுங்கள்.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு: காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். கலப்பையைத் தூக்கி இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள், அதற்குள் கலப்பை தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக் வேலை இருக்கிறது.

டெலிவரி அன்றைக்குப் பூமாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்ததும், வண்டியை வெளியே எடுக்குமுன் கருவி மாட்டும் டாப் லிங்க், ஹிட்ச், அப்புறம் டூல் பாக்ஸ் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ‘அவர் மீட்டர்’ எண்ணை போனில் படம் எடுங்கள். முதல் சர்வீஸ் பொதுவாக 50 மணி நேரத்தில். நான் கொட்டகைச் சுவரில் சாக்பீஸில் பெரிதாக 50 என்று எழுதி வைத்தேன், அதன் பக்கத்தில் அடுத்த சர்வீஸ் எண்ணை நைனா எழுதுகிறார்.