களைத்த காலோடும் கோல் போடப் பழகுவது எப்படி

பின்னேரம் எந்த மைதானத்துக்குப் போனாலும் இதுதான் நடக்கிறது. பந்தை நிறுத்தி வைத்து, நாலடி பின்னுக்கு வந்து, ஆறுதலாக ஓடிவந்து வெறும் கோலுக்குள் அடிக்கிறார்கள். போட்டியில் ஃப்ரீ கிக், பெனால்டி தவிர அப்படி ஒரு பந்து கிடைக்கவே கிடைக்காது. பந்து உருண்டு வரும், தோளில் ஒருவர் இடித்தபடி வருவார், மூச்சு வாங்கும். அந்த அவசரத்தையும் களைப்பையும் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்.

முதலில் உதைபந்தாட்டம். கோலின் அகலம் 7.32 மீற்றர். இரண்டு கம்பங்களிலிருந்தும் ஒரு மீற்றர் உள்ளே தள்ளி ஒவ்வொரு சப்பாத்தை வையுங்கள். சப்பாத்துக்கும் கம்பத்துக்கும் இடையால் போனால் மட்டும்தான் கணக்கு, நடுவால் எவ்வளவு வேகமாகப் போனாலும் கணக்கில்லை. அடிப்பவர் பெனால்டி பெட்டியின் விளிம்பில் கோலுக்கு முதுகு காட்டி நிற்க, கூட்டாளி பந்தை உருட்டிவிட்டு "இடம்" அல்லது "வலம்" என்று கத்த வேண்டும். திரும்பி, முதல் தொடுகையில் பந்தை முன்னுக்குத் தள்ளி, இரண்டாவதில் சொன்ன பக்கம் அடித்துவிட வேண்டும், மூன்றாவது தொடுகை கிடையாது. அடித்ததும் நடுக்கோடு வரை ஓடித் திரும்பி வந்து அடுத்த பந்து.

பந்து மேலால் போகிறதா? ஊன்றுகிற காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பின்னால் நின்றால் உடம்பு பின்னுக்குச் சாயும், பந்து எழும்பிவிடும். பந்தின் பக்கத்தில், விரல்கள் அடிக்கப்போகும் மூலையைப் பார்த்தபடி ஊன்றி, நெஞ்சைப் பந்துக்கு மேலே கொண்டுவாருங்கள். இடது காலுக்கும் அதே எண்ணிக்கை. மணல் மைதானத்தில் பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது, வலது காலுக்குத் தோதாக வரட்டும் என்று காத்திருந்தால் தடுப்பவர் வந்துவிடுவார்.

வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேரில் இரண்டு பேர்தான் கோல் போடலாம், அதனால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். வளையம் கூடைப்பந்தாட்டத்தைப் போல 3.05 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் விட்டம் அங்கே 45 செ.மீ., இங்கே 38 மட்டும், பின்னால் பலகையும் இல்லை. தட்டையாக எறிந்த பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும், உயர வளைந்து போய் மேலிருந்து இறங்கும் பந்துக்குத்தான் வளையத்தின் முழு வாயும் கிடைக்கும். இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்குக் கோல் போட்ட எங்கள் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் 2 மீற்றரைத் தாண்டிய அவருடைய உயரத்தைத்தான் சொல்கிறார்கள். உயரம் பந்தைப் பிடிக்க உதவும், சரி, ஆனால் உள்ளே விழுத்துவது மணிக்கட்டும் முழங்கால் மடிப்பும்தான்.

வளையத்திலிருந்து ஓரடி தள்ளி நின்று தொடர்ந்து 10 போடுங்கள். பிறகு ஓரடி பின்னுக்கு. தவறினால் மீண்டும் ஓரடி முன்னுக்கு. இது கைவந்தபின், ஒருவர் தும்புத்தடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 0.9 மீற்றர் தள்ளி முன்னால் நிற்கட்டும், தடுப்பவர் விதிப்படி நிற்கக்கூடிய மிகக் கிட்டிய தூரம் அதுதான். இன்னொருவர் பந்தைத் தந்துவிட்டு உரக்க எண்ண, மூன்றுக்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் திறந்த மைதானமென்றால் வளையத்தின் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று எறியுங்கள், காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும்.

கரப்பந்தாட்டத்தில் சேர்விஸே புள்ளி எடுத்துத் தரும். எதிர்ப்பக்கத்தின் பின்மூலைகள் இரண்டிலும் வெறும் உரப்பையை விரித்து, மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடிவந்து ஒரு சேர்விஸ், மறுபடி ஓட்டம்.

கிரிக்கெட்டில் பெரிய அடிக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் ஒற்றை ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். மட்டையைத் தளர்வாகப் பிடித்துப் பந்தைக் காலடியில் விழுத்தி, உடனே மறுமுனைக்கு ஓடிப் பழகுங்கள், ஆறு பந்துக்கு நாலு ஓட்டமாவது வர வேண்டும்.

எதுவானாலும் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள், 20 உள்ளே போனபின் நிறுத்துங்கள். தவறியவை எந்த இடத்திலிருந்து எறிந்தவை, எந்தக் காலால் அடித்தவை என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்து, அடுத்த நாள் அதிலிருந்தே தொடங்குங்கள்.