கியோட்டோவில் கிமோனோ உடுத்திச் சோடியாகப் படம் எடுக்கப் போகிறீர்களா? மட்டக்களப்பிலிருந்து கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் அவர்களுடைய பாரம்பரிய உடுப்பான கிமோனோவை உடுத்திப் படம் எடுக்கப் போகிறோம், எந்தக் கடை நல்லது என்றுதான் நம்ம பக்கத்துச் சோடிகள் முதலில் கேட்கிறார்கள். கடையை ஆறுதலாகப் பார்க்கலாம். எத்தனை மணிக்குப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மாதம், இடம், கடை, கமராக்காரர் எல்லாம் அந்த மணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். இதை மாற்றிச் செய்தால், விசா எடுத்து, கொழும்புக்கு ரயிலேறி, கட்டுநாயக்கவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து போய், முதுகுக்குப் பின்னால் சனக்கூட்டம் நிறைந்த படத்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். எல்லோர் மனதிலும் இருக்கிற அந்தப் படம், கல் பாவிய சரிவுத் தெரு, இரண்டு பக்கமும் பழைய மரவீடுகள், மேலே ஐந்தடுக்குக் கோபுரம், அது நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஹிகாஷியாமா பகுதியில் யசாகா பகோடா என்கிற அந்தக் கோபுரத்தைப் பார்த்தபடி எடுப்பது. காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, ஏழு மணிக்கு அமைதியாக இருக்கும். ஆனால் வாடகைக் கிமோனோக் கடைகள் பெரும்பாலும் ஒன்பது மணியளவில்தான் திறக்கின்றன. உள்ளே போய்த் துணி தெரிந்து, உடுத்தி, தலைமுடி கட்டி வெளியே வர ஒரு மணித்தியாலம், சகுரா என்கிற செர்ரிப் பூக் காலத்துச் சனி ஞாயிறு என்றால் அதைவிடக் கூடப் பிடிக்கும். அப்போது பத்து, பத்தரை ஆகிவிடும், சரியாகக் கூட்டத்துக்குள் போய் இறங்குவீர்கள். அதனால் மேலதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு வெள்ளெனவே திறந்து உடுத்திவிடுகிற கடை எது என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கமராக்காரர்களுக்கு அப்படியான கடைகளோடு பழக்கம் இருக்கும், அவர்களிடம் கேட்பதுதான் சுருக்கு வழி.

மாலை வெளிச்சத்தில் எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். அது மாதத்தைப் பொறுத்தது. வாடகை உடுப்பைப் பொதுவாக ஐந்து, ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நவம்பர் கடைசியில் கியோட்டோவில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், ஆகவே மூன்றரை நான்கு மணி வெளிச்சம் தாராளமாகக் கையில் இருக்கும். மார்ச் கடைசியில் சூரியன் இறங்க ஆறேகால் ஆகிவிடும், நல்ல வெளிச்சம் வரும்போது நீங்கள் கடையில் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த நாள் திருப்பிக் கொடுக்கிற வசதி சில கடைகளில் உண்டு, கொஞ்சம் காசு கூட. வசந்தத்தில் போகிறவர்கள் காலையைப் பிடியுங்கள், இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்குக் காலை மாலை இரண்டும் சரி.

மாதம் என்று பார்த்தால், சகுரா மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை, மேப்பிள் இலை சிவப்பது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஓகஸ்டில் 35 பாகையைத் தாண்டுகிற வெக்கை. நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நம்பிவிட வேண்டாம், மேலே மேலே துணி சுற்றி இடுப்பை இறுக்கிக் கட்டியபின் அந்த வெக்கை வேறு மாதிரி. கோடையில் போவதென்றால் கிமோனோவை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி யுகாத்தா உடுத்துங்கள், படத்துக்கும் அழகு.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மட்டும்தான் லீவு எடுக்க முடியும், அதற்குள் பூ எல்லாம் கொட்டிவிடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நின்னாஜி கோயிலில் ஒமுரோ சகுரா என்று பிந்திப் பூக்கிற மரங்கள் இருக்கின்றன, ஏப்ரல் நடுப்பகுதிவாக்கில்தான் அவை பூக்கும். இன்னொரு விசேஷம், அந்த மரங்கள் குள்ளம். மற்ற இடங்களில் பூ தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும், இங்கே உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். சோடிப் படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இடங்களை அளவோடு தெரிந்தெடுங்கள். ஒரு மணித்தியாலப் படப்பிடிப்புக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு இடம் போதும். ஹிகாஷியாமாவில் யசாகா பகோடா, நினென்சகா, சன்னென்சகா என்கிற பழைய சரிவுத் தெருக்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் செம்மஞ்சள் வாயில் வரிசைக்குக் கட்டணமும் இல்லை, பூட்டும் நேரமும் இல்லை, ஆனால் அடிவாரத்தில் எடுக்காமல் கொஞ்சம் மேலே ஏறினால்தான் ஆளில்லாத இடம் கிடைக்கும், கிமோனோவோடு அந்தப் படிகளில் ஏற முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அராஷியாமா மூங்கில் தோப்பு நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, ஹிகாஷியாமாவையும் அதையும் ஒரே காலையில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கியோன் பகுதியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே சனம் குடியிருக்கிறது, கெய்க்கோ (கியோட்டோவில் கெய்ஷாக்களை அப்படித்தான் சொல்வார்கள்), மைக்கோ (கெய்க்கோ ஆகப் பயிற்சி பெறுகிறவர்கள்) பெண்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களை வழிமறித்துப் படம் எடுத்த உல்லாசப் பயணிகளால் 2019இல் தனியார் ஒழுங்கைகளில் படம் எடுக்கத் தடை வந்தது, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள், 2024இல் சில ஒழுங்கைகளுக்குள் போகவே தடை வந்துவிட்டது. ஹனாமிகோஜி பெருந்தெருவில் நடக்கலாம், கிளை ஒழுங்கைகளுக்குள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். நம்ம வீட்டு வாசலில் தெரியாதவர்கள் வந்து நின்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும், அவ்வளவுதான். கோயில்களிலும் பல இடங்களில் ட்ரைபாட் வைக்க முடியாது, கமராக்காரரைக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க முன் அனுமதி கேட்பார்கள். இதைக் கமராக்காரரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி உடுப்பு. சாதாரண வாடகைக் கிமோனோ ஆளுக்கு 3,000 முதல் 6,000 யென்வரை போகும், தலைமுடி கட்டக் கொஞ்சம் கூட, சோடியாகப் போனால் குறைத்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. சேலை உடலின் வளைவைக் காட்டும், கிமோனோ அதை மறைத்து நேராக்கும், அதற்காக இடுப்பில் துவாய் வைத்துச் சுற்றுவார்கள், பயப்பட வேண்டாம். பெண்களின் கிமோனோ நீளமாக இருந்தால் இடுப்பில் மடித்துக் கட்டிச் சரிப்படுத்திவிடுவார்கள், ஆண்களுடையதில் அந்த மடிப்பு இல்லை, ஆகவே மாப்பிள்ளை உயரமானவர் என்றால் அவருடைய உயரத்தை முன்பே எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் கணுக்கால் தெரிய நிற்பார். கை தொங்குகிற நீளக் கையுள்ள ஃபுரிசோதே கலியாணமாகாத பெண்களுக்குரியது. வாடகைக் கடையில் யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனாலும் கலியாணம் முடித்தவர்கள் ஹோமொங்கி என்கிற குட்டைக் கைக் கிமோனோவைக் கேட்பதுதான் முறை.

நிறத்தைப் பின்னணியை வைத்துத் தெரியுங்கள். செம்மஞ்சள் வாயில்களுக்கு முன்னால் சிவப்பு உடுத்தினால் ஆள் தெரியாது, கடும் நீலமோ கடும் பச்சையோ எடுப்பாகத் தெரியும். மூங்கிலுக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள். ஒருவர் பூ வேலைப்பாடு, மற்றவர் வெறும் நிறம் என்று இருந்தால் போதும், ஒரே நிறத்தில் இருவரும் நிற்க வேண்டியதில்லை. நம்ம நிறத்துக்கு அடர்ந்த வர்ணங்கள் அள்ளிக்கொண்டு போகும். இப்போது லேஸ் வைத்த வெளிறிய கிமோனோக்கள் நிறைய வருகின்றன, எனக்கு அதில் விருப்பமில்லை, பழைய பூக்கோலம் போட்டவைதான் கிமோனோவாகத் தெரிகின்றன.

அதைவிட முக்கியம், ஆண் பெண் யாராக இருந்தாலும் உடுத்துகிறவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை. கடையில் சரியாகத்தான் கட்டுவார்கள், ஆனால் போன் முன் கமராவில் செல்பி எடுத்தால் சில போன்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் சேமித்துவிடும், பார்க்கிற ஜப்பானியர் துணுக்குறுவார். போன் செட்டிங்கில் அதை நிறுத்திவிடுங்கள்.

முந்தின இரவு தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள், தேங்காய் எண்ணெய் தடவிய முடியில் அவர்களுடைய ஊசி நிற்காது, அடர்ந்த நீள முடி என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பின் கழுத்து தெரியும்படிதான் உடுத்திவிடுவார்கள், உள்ளே போடுவது கழுத்து அகன்றதாக இருக்கட்டும். தாலிக்கொடியை உள்ளே விட்டுவிடுங்கள், வளையல் பட்டில் கொழுவி நூல் இழுக்கும், பொட்டு வைப்பது உங்கள் விருப்பம், நான் வைக்கச் சொல்வேன். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரிகள் கிமோனோவின் ஒரு நிறத்தோடு சேருகிற வெறும் ஹிஜாப் இரண்டு மூன்று கொண்டு போங்கள், மிக அழகாகச் சேரும், உடுத்திவிடப் பெண்கள்தான் வேண்டும் என்பதையும் பதியும்போதே எழுதுங்கள். மார்ச் காலையில் நல்ல குளிர், உள்ளே சூட்டு உடுப்பு வேண்டும். உடுத்துவதற்கு முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள்.

ஊரில் இருக்கும்போதே நடந்து பழகுங்கள். சாரத்தை இறுக்கிக் கட்டி, ரப்பர் செருப்போடு, சின்னச் சின்ன அடியாக, படியேறும்போது வலது கையால் முன் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி. கல்லடிக் கடற்கரையில் காலை வெளிச்சத்தில் ஒருக்கா இருவரும் நின்று போனில் எடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நின்றால் எப்படித் தெரிகிறது என்று பிடிபடும்.

கமராக்காரருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 20,000 முதல் 40,000 யென்வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வேலை செய்ய அனுமதியுள்ளவரையே பிடியுங்கள், உல்லாசப் பயண விசாவில் வந்து காசுக்குப் படம் எடுப்பது சட்டவிரோதம். நம்ம நிறத்தவர்களை அவர் எடுத்த படங்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சுவருக்கும் வெளிறிய துணிக்கும் நடுவில் கமரா நம்ம முகத்தை இருட்டாக்கும், பிறகு திருத்தும்போது எல்லாவற்றையும் சேர்த்து வெளுப்பாக்கிவிடுவார்கள். முகத்துக்கு வெளிச்சம் வைத்து எடுங்கள், நிழலில் நிறுத்துங்கள், தோலை வெளுப்பாக்க வேண்டாம் என்று பதியும்போதே எழுத்தில் சொல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதேயில்லை. கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள், ஓபி என்கிற இடுப்புப் பட்டை நசுங்கும், வீட்டுப் பெரியவர்களும் பார்க்கிற படம், உங்களுக்கு வசதியில்லையென்றால் பக்கத்தில் நடந்து வருவது, குடைக்குள் நிற்பது, கை பிடிப்பது போதும் என்று முதலே கதைத்துவிடுங்கள்.

படம் கைக்கு வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். இணைப்பு அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் அது காலாவதியாகும், வந்த அன்றே முழு அளவில் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள், வட்ஸ்அப்பில் வந்ததை வைத்துப் பெரிதாக அச்சடிக்க முடியாது. ஊரில் ஸ்டூடியோவில் அல்பம் போடக் கொடுக்கும்போதும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள், நிறத்தில் கை வைக்க வேண்டாம் என்று.