கெய்ன் எண்டுறது வொலியூம் இல்ல: சாதாரண மீட்டர வெச்சு கார் அம்ப் செட் பண்ணுற விதம்

அம்ப்புல, அதாவது ஸ்பீக்கருக்குப் பவர் குடுக்கிற அம்ப்ளிபையர்ல, கெய்ன் எண்டு எழுதி ஒரு சின்னத் திருகு இரிக்கும், அத வொலியூம் எண்டு நினைச்சு வலதுபக்கம் முழுசாத் திருகி வெச்ச வேன் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில நாளைக்கு எத்தினையோ ஓடுது, வரக்குள்ளேயே தெரியும், பாட்டுக் கேக்காது, டிக்கிக் கதவு அதிர்ற சத்தம்தான் கேக்கும்.

கெய்ன்ட வேலை வேற. செட்டுல (டேஷ்போர்ட்டுல இரிக்கிற பிளேயர்) இருந்து ஆர்சிஏ வயரால (அம்ப்புக்குப் பாட்டுக் கொண்டு வாற வயர்) வாற சிக்னல் ஒரு செட்டுல 2 வோல்ட், இன்னொண்டுல 4 வோல்ட், மலிவான அண்ட்ரொய்ட் பிளேயர் கனக்கதுல அந்த 2ம் வராது. வாறது எவ்வளவா இருந்தாலும் எந்த இடத்துல அம்ப் தன்ட முழுப் பவரையும் குடுக்கோணும் எண்டு ஒத்துப்போக வைக்கிறதுதான் அந்தத் திருகு. கூடத் திருகினா அலையோட தலை வெட்டுப்படும், கிளிப்பிங் எண்டுறது இதத்தான். அந்த வெட்டுப்பட்ட சிக்னல்ல முதல்ல சாகுறது டுவீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கு இரிக்கிற சின்ன ஸ்பீக்கர்), மறுகா சப் வூபர் (பாஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர், சுருக்கமா சப்) கொயில் எரிஞ்ச மணம் வரும்.

வயரிங் எல்லாம் முடிஞ்சிது, பெட்டரிக்குக் கிட்ட பியூஸ் போட்டாச்சு எண்டு எடுத்துக்கொள்றன். எர்த்த, அதாவது அம்ப்புட மைனஸ் வயர வாகனத்துட இரும்புல இறுக்கியிருக்கிற இடத்த, மட்டும் ஒருக்கா பாருங்க, கல்லடி, காத்தான்குடி, பாசிக்குடாப் பக்கம் வாகனம் நிக்கிறவங்களுக்கு உப்புக் காத்துல நட்டுக்கடியில துரு பிடிச்சிரிக்கும், பெயின்ட்டச் சுரண்டி இரும்பு மினுங்குற வரைக்கும் எடுத்துட்டு இறுக்குங்க. எர்த் சரியில்லாட்டி கீழ சொல்ற ஒண்டும் சரிவராது.

சாமான் பெரிசா ஒண்டும் தேவையில்ல. ஒரு மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு யூஎஸ்பி பென். ஒசிலஸ்கோப் இருந்தா அதுதான் நல்லம், வெட்டுப்படுறதக் கண்ணாலயே காணலாம், ஆனா ஒரு அம்ப்ப செட் பண்ணுறதுக்கு அத வாங்கத் தேவையில்ல.

முதல்ல கணக்கு. அம்ப்புட ஆர்.எம்.எஸ் வொட்ஸையும் (தொடர்ந்து குடுக்கிற பவர்) ஸ்பீக்கர்ட ஆர்.எம்.எஸ் வொட்ஸையும் (தொடர்ந்து தாங்குற பவர்) பாருங்க, எது குறைவோ அத எடுங்க. அத ஓம்ஸால பெருக்கி, வாற எண்ணுக்கு போன் கல்குலேட்டர்ல வர்க்கமூலம் அமத்துங்க. 300 வொட்ஸ், 4 ஓம் சப் எண்டா 1200, அதுட வர்க்கமூலம் 34.6 வோல்ட். கதவு ஸ்பீக்கர் 60 வொட்ஸ், 4 ஓம் எண்டா 15.5. இதுதான் உங்கட இலக்கு.

பெட்டியில போட்டிருக்கிற 2000 வொட்ஸ் மேக்ஸ்ஸ நம்பி இந்தக் கணக்குப் போட்டுராதீங்க. அம்ப்புட பக்கத்துல இருக்கிற பியூஸப் பாருங்க, 20 அம்பியர் ரெண்டு எண்டா மொத்தம் 40, அத 13.8 வோல்ட்டால பெருக்கினா 552. உள்ளுக்குப் போற பவரே அவ்வளவுதான், பழைய ஏபி கிளாஸ் அம்ப் அதுல பாதி, கொஞ்சம் கூடக் குடுக்கும், டி கிளாஸ் எண்டா முக்கால்வாசிக்கு மேல. மிச்சம் சூடாப் போகும். உள்ள போறதே 552 எண்டா 2000 எங்க இருந்து வரும்?

இனி வேலை. சாவிய நிப்பாட்டி அம்ப்புல இருந்து ஸ்பீக்கர் வயரக் கழட்டுங்க, கழட்டாம டோன் (அளக்கிறதுக்குப் போடுற ஒரே சுதியான சத்தம்) போட்டா காதும் போகும் ஸ்பீக்கரும் போகும். கெய்ன் முழுசாக் குறைச்சு வைங்க. அம்ப்புல பாஸ் பூஸ்ட் பூச்சியம், பில்டர் எல்லாம் ஓப். செட்டுல ஈக்வலைசர் பிளாட், லவுட்னஸ் ஓப், பேலன்ஸ் பேடர் நடுவுல, சப் லெவல் பூச்சியம். பாஸ் பூஸ்ட் விசயத்துல நான் பிடிவாதம், 6 டெசிபெல் கூட்டினா அம்ப்பிட்ட நாலு மடங்கு பவர் கேக்கிறீங்க, இல்லாத பவர அது எங்க இருந்து எடுக்கும்? அந்தத் திருகு பூச்சியத்துலயே கிடக்கட்டும்.

எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, கட்டாயம், வெளியில வெச்சு. ஓப்ல பெட்டரி 12.6 வோல்ட் மாதிரித்தான் இரிக்கும், ஓடக்குள்ள 14க்குக் கிட்ட வரும், அம்ப் தன்ட முழுப் பவரயும் அங்கதான் குடுக்கும். செட் வொலியூம முக்காலுக்கு வைங்க, 40 வரைக்கும் போற செட் எண்டா 30. இனி எந்தக் காலத்துலயும் அந்த 30க்கு மேல கூட்டமாட்டீங்க, வாகனத்த எடுக்கிற தம்பிமாருக்கும் அதச் சொல்லி வைங்க.

டோன் சப்புக்கு 50 ஹேர்ட்ஸ், பூச்சியம் டெசிபெல், வேவ் பைலா பென்ல போட்டு ஓடுங்க. ப்ளூடூத் வேணாம். போன்ல ஒரு வொலியூம், செட்டுல ஒரு வொலியூம், அதுக்குள்ள போன்ல ஏதும் சவுண்ட் எபெக்ட் ஓடுதோ தெரியாது, நீங்க அளக்கிறது எதையெண்டே தெரியாமப் போயிரும்.

மீட்டர ஏசி வோல்ட்டுக்குத் திருப்புங்க. டிசி இல்ல, ஏசி, ஸ்பீக்கருக்குப் போறது ஏசிதான். மீட்டர்ட ரெண்டு கம்பியும் ஸ்பீக்கர் டெர்மினல்ட பிளஸ், மைனஸ்லதான் வரோணும். கருப்புக் கம்பிய வாகனத்துட பொடி இரும்புல வைக்காதீங்க, கனக்க அம்ப்புல மைனஸ் எண்டது எர்த் இல்ல. பிரிட்ஜ் பண்ணியிருந்தா (ரெண்டு சனலையும் சேர்த்து ஒரு ஸ்பீக்கருக்குக் குடுத்திருந்தா) ஸ்பீக்கர் வயர் வந்த அதே ரெண்டு டெர்மினல்லயும் வைங்க. இப்ப கெய்ன மெதுவாக் கூட்டுங்க, கண் மீட்டர்ல, 34.6 வந்தவுடன நிப்பாட்டுங்க. சப்புக்கு இவ்வளவுதான்.

கதவு ஸ்பீக்கர்லதான் என்னக் கனக்க நேரம் சுத்த விட்டது. எல்லாரும் 1000 ஹேர்ட்ஸ் டோன் போடச் சொல்லுவாங்க, போட்டன், மீட்டர் சொன்ன 15.5லதான் நிப்பாட்டினன், பாட்டுப் போட்டா குரல் கீச்சுக் கீச்செண்டு கிழியுது. குழப்பம் மீட்டர்லதான். நம்ம கடையில விக்கிற மஞ்சள் மீட்டர் வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ அளக்கத்தான் செய்தது, அதுட கடுதாசிய விரிச்சுப் பார்த்தா ஏசி 400 ஹேர்ட்ஸ் சொச்சம் வரைக்கும்தான் எண்டு போட்டிரிக்கும். அதுக்கு மேல குறைச்சுக் காட்டினா, நாம இன்னும் வரல்ல எண்டு கெய்ன கூட்டிக்கொண்டே போவம். கடுதாசி எறிஞ்சிட்டீங்க எண்டா 300 ஹேர்ட்ஸ் டோன் போடுங்க, பிரச்சினை இல்ல. ஒரே அளவு டோன் 100, 300, 1000 மூண்டையும் கெய்னத் தொடாம மாறி மாறி ஓடிப் பாருங்க, பில்டர் ஓப்ல இருந்தும் 1000ல வோல்ட் விழுந்தா உங்கட மீட்டரும் அந்த இனம்தான்.

முடிஞ்சிதா, வொலியூமக் குறைச்சு சாவிய நிப்பாட்டி ஸ்பீக்கரக் கொழுவுங்க, டோன் பென்ன மறக்காமக் கழட்டுங்க, அடுத்தமுறை ஸ்டார்ட் பண்ணக்குள்ள அது முழங்கும். சப்புக்கு லோ பாஸ் 80 (80 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ளத விடுற பில்டர்), கதவுக்கு ஹை பாஸ் 80 (அதுக்கு மேல உள்ளத விடுறது), அங்க இருந்து தொடங்குங்க. மறுகா காதால கேட்டு சப் கூடப் போச்சுதெண்டா அதுட கெய்னக் குறைக்கலாம். குறைக்கலாம், கூட்ட ஏலாது. மீட்டர் காட்டினது மேல் எல்லை.

பிறகு சேர்த்தது: அக்கரைப்பற்றுல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், எல்லாம் சொன்னபடி செய்தும் சப் மணக்குதாம். கேட்டுப் பார்த்தா அவர்ட சப்புக்கு ரெண்டு கொயில், ஒவ்வொண்டும் 4 ஓம், பரலலாக் கொழுவினதால அம்ப்புக்குத் தெரியுறது 2 ஓம். அவர் 4 போட்டுக் கணக்குப் பார்த்து 34.6ல வெச்சிட்டார், 2 ஓம்ல அது 600 வொட்ஸ், சப் தாங்குறது 300. சரியான இலக்கு 24.5. அதால பெட்டியில எழுதியிருக்கிற ஓம்ஸ எடுக்காம, சப் வயர அம்ப்புல இருந்து கழட்டி அந்த நுனியில மீட்டர ஓம்ஸ்ல வெச்சுப் பாருங்க, 4 ஓம் எண்டா 3.5 மாதிரி, 2 ஓம் எண்டா 1.8 மாதிரிக் காட்டும், கொஞ்சம் குறைவாத்தான் காட்டும், அதுக்குப் பயப்பட வேணாம்.

இன்னும் ரெண்டு பேர் கேட்டது: அண்ட்ரொய்ட் பிளேயர்ல கெய்ன் முழுசாத் திருகியும் 34 வரல்ல, 22லயே நிக்குது. முதல்ல பில்டரப் பாருங்க, சப்புக்கு ஹை பாஸ் ஓன்ல கிடந்தா 50 ஹேர்ட்ஸ அதே வெட்டிரும். அதுவும் இல்லையெண்டா செட்டுட சிக்னல் போதாது, அந்த 22லயும் கெய்ன் உச்சியில இருந்தா பாட்டு நிக்கிற நேரம் ஸ்ஸ் எண்டு இரைச்சல் வரும். லைன் ட்ரைவர் (செட்டுக்கும் அம்ப்புக்கும் நடுவுல சிக்னலக் கூட்டுற பெட்டி) போடலாம், என்னக் கேட்டா அந்தக் காச நல்ல செட்டுக்குப் போடுங்க.