கரையேற்றிய வள்ளத்தில் தீ பிடிக்காமல் இருக்க

ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறினால் உவரி, இடிந்தகரைப் பக்கம் வள்ளங்கள் கரையில் நெருக்கியடித்து நிற்கும். ஒரு பைபர் வள்ளம் பற்றினால் பக்கத்து வள்ளமும் தப்பாது.

பெட்ரோல் கேனை முதலில் இறக்கிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் வள்ளத்தின் அடியிலேயே தேங்கும். அதன்மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் கேட்கவே வேண்டாம். மழைக்கு மூடத்தான் வேண்டும், சரி, ஆனால் இரண்டு முனையிலும் காற்றோட வழி விடுங்கள். மறுபடி திறந்ததும் பீடியோடு ஏறாதீர்கள்.

அப்புறம் பேட்டரி. உப்புக்காற்றில் பச்சை பூத்த முனையில் வயர் தளர்ந்தால் பொறி தட்டும். ஆவி போனபின், மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள்.

எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். காய்ந்த மணலை அள்ளிப் போட்டுவிட்டு, 101-ஐக் கூப்பிடுங்கள்.