பழைய கதைக்கு சிரிப்பு திரும்பி வந்த விதம்

பட்டிமன்றத்துல வழக்கமா சொல்ற மிக்ஸி கதைக்கு திடீர்னு சிரிப்பே வரல. கதை பழசாயிடுச்சுன்னு வேற கதை போட்டேன், எடுபடல. வேகத்தை குறைச்சேன், குரலை மாத்தினேன், ம்ஹூம். பழசைத் திரும்பச் சொல்றதுல தப்பே இல்ல, மார்ட்டின் லூதர் கிங்கோட ‘எனக்கொரு கனவு’ பகுதியே புகழ்பெற்ற வாஷிங்டன் பேச்சுக்கு முன்னாடி 1963 ஜூன்ல டெட்ராய்ட்ல பேசினதுதான்.

கடைசியா பழைய ரெக்கார்டிங்கையும் புதுசையும் ஹெட்போன்ல மாத்தி மாத்தி கேட்டப்பதான் பிடிபட்டுச்சு, சிரிப்பு வரவேண்டிய பதிலுக்குப் பின்னாடி ‘அப்படின்னு மாமியார் சொன்னாங்க’ன்னு ஒரு வால் புதுசா ஒட்டியிருக்கு, கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கறப்போ நம்ம குரல் அது மேல விழுந்து அமுக்கிடுது. ‘மாமியார் சொன்னாங்க’வை முன்னாடி கொண்டுவந்து, பதிலோட நிறுத்திட்டு, மைக்கை விட்டு கொஞ்சம் தள்ளி நின்னேன். அடுத்த ஊர்ல அதே கதைக்கு சிரிப்பு அடங்கறவரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. இப்போ மத்த கதைகளோட கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டு திருத்திட்டிருக்கேன்.