கேஸ் லாந்தர்: மேன்டில் கட்டுவது முதல் மூட்டை கட்டுவது வரை

கேஸ் லாந்தரில் எரியும் தீ தனியே பார்த்தால் மங்கலான நீலம்தான். பர்னரில் கட்டும் சிறு துணிப்பைக்கு மேன்டில் என்று பெயர். அந்தத் தீயில் சூடேறும் மேன்டில்தான் வெள்ளை வெளேர் என்று ஒளிர்கிறது. விளக்கு மங்குகிறது, கரி பிடிக்கிறது, கண்ணாடி விரிசல் விடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை மேன்டிலில் தொடங்கும், இல்லாவிட்டால் அதற்குப் போகும் காற்றில் தொடங்கும். ஆகவே மேன்டில் வேலையைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

லாந்தர், அதற்குப் பொருந்தும் கேனிஸ்டர் (கேஸ் அடைத்த சிறு உருளை), மாற்று மேன்டில் குறைந்தது இரண்டு, நீளமான தீக்குச்சி அல்லது நீள மூக்கு லைட்டர், சிறிய கத்தரிக்கோல், கொஞ்சம் சோப்புத் தண்ணீர்.

கேனிஸ்டர் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. திருகி மாட்டுவது உண்டு, குத்தி மாட்டுவது உண்டு, தடித்த புரோப்பேன் சிலிண்டருக்கு மரை அளவே வேறு. லாந்தரின் கையேட்டில் சொன்ன வகையை மட்டும் வாங்குங்கள். மரை சேராததை அழுத்தித் திருகினால் வால்வு கெடும், கேஸ் கசியும்.

எத்தனை கேனிஸ்டர் வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. மணிக்கு எத்தனை கிராம் கேஸ் எரியும் என்று லாந்தரின் பெட்டியில் இருக்கும். 30 கிராம் என்றால், 230 கிராம் கேனிஸ்டர் முழு வெளிச்சத்தில் ஏழரை மணி நேரம் வரை வரும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் நீளும். புதுக் கேனிஸ்டரை சமையலறைத் தராசில் வைத்து, அந்த எடையை மார்க்கரால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். பிறகு எப்போது எடை போட்டாலும் எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும்.

படி 1: மேன்டிலைக் கட்டுதல்

முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். பர்னர் குழாயின் நுனியில் ஒரு பள்ளம் ஓடும். மேன்டிலின் நூல் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். மெல்ல இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடுத்து, மேன்டிலின் சுருக்கங்கள் சுற்றிலும் ஒரே அளவில் விழும்படி விரலால் நீவிவிடுங்கள். ஒரு பக்கம் துணி குவிந்திருந்தால் எரித்தபின் கோணலாக நிற்கும், அந்தக் கோணல் கண்ணாடியைத் தொட்டாலும் தொடும்.

படி 2: மேன்டிலை எரித்தல்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். மேன்டில் என்பது உலோக உப்புகளில் ஊறிய துணி. துணி எரிந்து போனபின் மிஞ்சும் ஆக்சைடு கூடுதான் ஒளிர்கிறது. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையை 1891-இல் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஔவர் ஃபொன் வெல்ஸ்பாக். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது என்பதால் இன்று பல மேன்டில்கள் யிட்ரியத்துக்கு மாறிவிட்டன. எந்த வகையானாலும் திறந்தவெளியில், புகை உங்கள் மேல் வராத பக்கமாக நின்று எரியுங்கள். அந்தப் புகையை மூக்கில் இழுக்க வேண்டாம்.

கேஸ் மூடியே இருக்கட்டும். தீக்குச்சியை மேன்டிலின் அடியில் இரண்டு மூன்று இடங்களில் காட்டுங்கள். துணி கருகி, பிறகு மெல்ல வெளுத்துச் சுருங்கும். கறுப்பு முழுதும் போய் வெண்சாம்பல் நிறம் வரும்வரை காத்திருங்கள். உங்கள் லாந்தரின் கையேடு வேறு முறை சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

இதற்குப் பிறகு மேன்டிலைத் தொடவே கூடாது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

படி 3: கேனிஸ்டரை மாட்டுதல்

லாந்தரில் கேனிஸ்டர் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருக்கிறதா, காணாமல் போயிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கேஸ் குமிழை மூடிவிட்டு, கேனிஸ்டர் நிமிர்ந்து நிற்கக் கையால் மட்டும் திருகுங்கள், ஸ்பேனர் வேண்டாம். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. கழற்றி, வளையத்தைச் சரிபார்த்து மறுபடி மாட்டுங்கள். அப்போதும் கசிந்தால் அன்றைக்கு டார்ச்தான்.

படி 4: பற்றவைத்தல்

கண்ணாடியை மாட்டிவிட்டு, முதலில் தீக்குச்சியைக் கிழித்து மேன்டில் அருகே கொண்டுபோங்கள். கேஸைத் திறப்பது அதற்குப் பிறகு, அதுவும் மெல்ல. கேஸை முதலில் திறந்தால் அது கண்ணாடிக்குள் தேங்கி, ‘டப்’ என்று ஒரேயடியாகப் பற்றும். அந்த அதிர்ச்சியே புது மேன்டிலை உடைக்கப் போதும். லாந்தரிலேயே பொறி தட்டும் பொத்தான் இருந்தால், கேஸைத் திறந்த உடனே அழுத்துங்கள். மூன்று நான்கு தடவையில் பற்றாவிட்டால் குமிழை மூடி, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு மறுபடி முயலுங்கள். ஈரத்தில் இந்தப் பொத்தான் கைவிடும் என்பதால் தீப்பெட்டி எப்போதும் கூடவே இருக்கட்டும்.

பற்றியபின் ஒரு நிமிடம் குறைவாக எரியவிட்டுப் பிறகு கூட்டுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் இயல்பு.

எங்கே வைக்கக் கூடாது

கூடாரத்துக்குள், வண்டிக்குள் வேண்டவே வேண்டாம். வாசல் திரையைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். எரியும் கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கூடாரத்துக்குள் பேட்டரி விளக்கு மட்டும்தான்.

வெளியிலும் சமமான தரையில் வையுங்கள், அல்லது உலோகச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். நைலான் கயிறு சூட்டில் உருகிவிடும். தலைக்கு மேல் ஒரு மீட்டர், பக்கங்களில் அரை மீட்டராவது எதுவும் இல்லாமல் இருக்கட்டும். எரியும்போது சாய்க்கவோ தூக்கி நடக்கவோ வேண்டாம். கேனிஸ்டருக்குள் இருக்கும் திரவம் பர்னருக்குப் போய்த் தீ குப்பென்று எழும்பும்.

என்ன ஆனால், ஏன்

மஞ்சள் தீயும் கரியும் வந்தால் காற்று போதவில்லை. பெரும்பாலும் குற்றவாளி சிலந்திதான். காற்று நுழையும் குழாயில் வலை பின்னிவிடும். ஆறியபின் மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

மேன்டிலில் ஓட்டை விழுந்தால் உடனே அணையுங்கள். ‘இந்த ஒரு ராத்திரிக்கு’ என்று ஓட்டாதீர்கள். ஓட்டை வழியே பீறிடும் தீ கண்ணாடியின் ஒரே புள்ளியில் பட்டு, விரிசல் விடவைக்கும். உதிர்ந்த துகளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

குளிரில் விளக்கு மங்கினால் கேஸின் குணம் காரணம். பியூட்டேன் சுமார் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் −12 வரையிலும் புரோப்பேன் −42 வரையிலும் தாங்கும். குளிர் பிரதேசத்துக்குப் போவதானால் புரோப்பேன் கலந்த கேனிஸ்டர் வாங்குங்கள். அது ஜில்லென்ற தரையைத் தொடாதபடி அடியில் ஒரு பலகையோ பாயோ வையுங்கள். நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது வெடிகுண்டோடு விளையாடுவது.

கேனிஸ்டர் நிறைய இருந்தும், குளிர் இல்லாமலும் மங்கலா? கேஸ் பீறிடும் நுண்துளை உள்ள பாகமான ஜெட் அடைத்திருக்கலாம். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அதைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதுங்கள், இல்லாவிட்டால் புதிது மாற்றுங்கள்.

அணைத்து மூட்டை கட்டுதல்

தீ அணையும்வரை குமிழைத் திருப்பினால் போதும். முறுக்கி இறுக்கினால் வால்வு தேயும். கால் மணி நேரம் ஆறட்டும். சூடான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும். ஆறியபின் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் கேனிஸ்டரைக் கழற்றுங்கள். கணநேரம் ‘ஸ்ஸ்’ என்றால் பயமில்லை, நிற்காமல் வந்தால் அதன் வால்வு மூடவில்லை. ஆள் இல்லாத திறந்தவெளியில் வைத்துக் காலியாக விடுங்கள்.

கண்ணாடியை மென்துணியில் தனியே சுற்றுங்கள். எரித்த மேன்டில் பயணக் குலுக்கலில் உடைவது சகஜம். மாற்று வைத்துக்கொள்ளச் சொன்னது அதற்காகத்தான். கேனிஸ்டர் 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது, ஆகவே வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். விமானத்தில் கையோடும் பெட்டியிலும் கேனிஸ்டர் கொண்டுபோக அனுமதி இல்லை, போகும் ஊரில்தான் வாங்க வேண்டும். காலி என்று தோன்றினாலும் உள்ளே கொஞ்சம் கேஸ் இருக்கும். அதைக் குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம்.